உச்சி மணிக்கு வந்த மறுபாதி

சேசு மரி சூசை

வல்லம் சாலை, திண்டிவனம் தாலூகா
1938 டிசம்பர் 11, ஞாயிறு

என் அன்பு மகன் தேவசகாயத்துக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. கடல் தாண்டிப் போன பிள்ளையைச் சர்வேசுரன் தன் கைக்குள் வைத்துக் காப்பார் என்கிற தைரியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தத் தோட்டத்துக் காய்ச்சல் உன்னை அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டும். மூன்று பேர் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது, நான்கு பேர் என்றுதான் எழுத வேண்டும். அந்த நாலாவது ஆளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ தங்கச்சி லூர்துமேரியின் கலியாணச் சேதியை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாய், நவம்பர் இருபத்துமூன்றாம் தேதி விழுப்புரத்தில் தாலி கட்டியாயிற்று என்று நினைத்திருப்பாய். கலியாணம் நடக்கவில்லை. பெண்ணின் பேரிலோ பிள்ளையின் பேரிலோ குற்றமில்லை, நிறுத்தியவன் நான். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், நடுவில் மடித்து வைத்துவிடாமல் முழுதும் படி.

ஒரு சங்கதி உனக்குச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. நான் பதினெட்டு வருஷமாக இந்தக் கோயிலுக்கு உபதேசியார். சுவாமியார் மாதத்துக்கு ஒரு தரம் திண்டிவனத்திலிருந்து பூசைக்கு வருவார், மற்ற நாளெல்லாம் மணியடிக்கிறதும் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கிறதும் சாகிறவர்கள் தலைமாட்டில் முழங்கால் போடுகிறதும் நான்தான். ஆனால் நாலைந்து வருஷமாக என் வாய் மட்டும்தான் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. வண்டிக்காரன் தூங்கிவிட்டால் மாடு பழகின தடத்தில் தானாகப் போய் வீடு சேரும் பார், அந்த மாதிரி. மனசு எங்கேயோ மல்லாட்டைக் கொல்லையில் இருக்கும், நாக்கு ஆமென் சொல்லி முடித்திருக்கும். இது யாருக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது. இந்த வருஷம் ஐப்பசியில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்கிற வேலை வந்ததும் நம் சனம் மொத்தமும் விடிகிறதற்கு முன்னே கொல்லைக்குப் போய்விட்டு இருட்டித்தான் திரும்பினார்கள். உச்சிக்கு நான் மணியடித்துத் திரிகால செபம் சொல்லும்போது கோயிலில் ஈ காக்கை கிடையாது. முதல் பாதியும் நானே, சனம் சொல்ல வேண்டிய மறுபாதியும் நானே சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

உன் அத்தை சவுரியம்மாளைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் வருஷா வருஷம் கல்லறைத் திருநாளில் செத்தவர்கள் பட்டியலில் அவள் பெயரை வாசிப்பதுதான். எனக்குப் பின்னால் பிறந்தவள், நீ பிறப்பதற்கு முன் வருஷம், அவளுக்குப் பதினேழு வயதில், நோய் என்று உன் தாத்தா புதுச்சேரி ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திண்டிவனம் வரைக்கும் வண்டி ஓட்டிப் போனது நான். அங்கிருந்து நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன், அப்பா அவளோடு போனார். நாலாம் நாள் தனியாக வந்து, போய்ச் சேந்துட்டா, அங்கேயே அடக்கம் பண்ணிட்டேன் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இந்த வருஷமும் நவம்பர் இரண்டாம் தேதி சுவாமியார் வந்து பூசை வைத்தார், பட்டியல் வாசித்தார், அவள் பெயரும் வந்தது, நான் எப்போதும் போல மெழுகுவர்த்தியை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை உச்சிக்கு மணியடித்துவிட்டு உள்ளே போய் முழங்கால் போட்டேன். நல்ல வெயில், ஓட்டுக்குக் கீழே பல்லி கூடச் சத்தம் போடவில்லை. மூன்று தரம் சொல்ல வேண்டிய மரியாயே வாழ்க என்கிற மந்திரத்தின் முதல் பாதியை நான் சொல்லி நிறுத்தினேன். மறுபாதியைச் சொல்ல வாயெடுக்கும் முன்னே அது வந்துவிட்டது. பெண் குரல், சன்னமாக, பீடத்துப் பக்கத்திலிருந்து. யாரோ வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வாசலில் வெயில் கிடந்தது. எதிரொலி என்று நினைத்து இரண்டாம் தரம் முதல் பாதியைச் சொன்னேன். நான் சொன்னது திரும்பி வந்தால்தானே எதிரொலி, நான் சொல்லாத மறுபாதி வந்தது. மூன்றாவதை எப்படிச் சொல்லி முடித்தேனோ தெரியாது. வீட்டுக்கு வந்து கேப்பைக் கூழைப் பாதியில் வைத்துவிட்டேன். வயதாகிறது, காதில் ஏதோ கோளாறு என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமையும் அதேதான், ஆனால் அன்று ஒன்று கவனித்தேன். பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் என்று வருகிற இடத்தில் அந்தக் குரல் இப்பொழுதும் என்று சொல்லிவிட்டு நின்று ஒரு மூச்சு வாங்கி, அப்புறம் மிச்சத்தைச் சொன்னது. அந்த இடத்தில் மூச்சு வாங்கக்கூடாது, எங்கள் அம்மா அதற்காகவே உன் அத்தையின் கைமுட்டியில் அகப்பையால் தட்டியிருக்கிறாள், ஆனாலும் அவள் கடைசி வரைக்கும் அங்கேதான் மூச்சு வாங்குவாள். மணிக்கயிறு ஆடிக்கொண்டிருக்க அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை எனக்கு உள்ளே போகத் துணிச்சல் இல்லை. ஊருக்காக மணியை மட்டும் அடித்துவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டு, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்று முதல் பாதியைச் சொன்னேன். பூட்டிய கோயிலுக்குள்ளிருந்து மறுபாதி வந்தது, அதே இடத்தில் அதே மூச்சு. பக்கத்துக் கொல்லையில் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்துக்கொண்டிருந்த முருகையன், நம் கோயிலுக்கு ஒட்டினாற்போல் சொந்த நிலம் வைத்துப் பயிர் பண்ணுகிறவர், உனக்குத் தெரியும், அவர் மாட்டை நிறுத்திவிட்டு வரப்பு மேல் வந்து நின்றார். உபதேசியாரே, உள்ள யாரு பொம்பளை, குரல் கேக்குதே என்றார். யாருமில்லை என்று சாவியைக் காட்டினேன். அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உச்சி வேளையில இங்க நின்னுக்கினு இருக்காதீங்க, வூட்டுக்குப் போங்க என்று சொல்லிவிட்டு, பாதிப் பாத்தி தண்ணீர் பாயாமல் கிடக்க மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் எனக்கு நிசமான பயம் வந்தது. என் காது கெட்டிருந்தால் அவர் காதும் கூடவா கெட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மைல் நடந்து திண்டிவனம் போய்ப் பூசை முடிந்ததும் சுவாமியாரிடம் எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஆத்துமமாயிருந்தால் செபம் அதற்கு ஒத்தாசை, பசாசாயிருந்தால் செபம் அதை விரட்டும், இரண்டுமில்லையென்றால் செபத்தால் உனக்குத்தான் நல்லது, ஆனால் பயந்துகொண்டு பூட்டுக்கு வெளியே நின்று சொல்வது செபமல்ல, உள்ளே போய் அதற்கு என்ன வேண்டும் என்று கேள் என்றார். அதோடு விட்டிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். அந்தப் பெண்ணை எங்கே அடக்கம் செய்தீர்கள், நான் புதுச்சேரி போகும்போது கல்லறையில் தீர்த்தம் தெளித்து வருகிறேன் என்று கேட்டார். தெரியாது சாமி என்றேன். தங்கையின் கல்லறை தெரியாதா என்றார். திரும்பி வந்த ஆறு மைலும் அந்தக் கேள்வி எனக்கு முன்னால் நடந்து வந்தது.

தேவசகாயம், இப்போது எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை உச்சிக்குக் கோயிலுக்குள் போய்க் கதவைத் திறந்தே வைத்துவிட்டு வெறுந்தரையில் முழங்கால் போட்டேன். மந்திரம் வாயில் வரவில்லை. அதனால் மந்திரமில்லாமல் உள்ளதைச் சர்வேசுரனிடம் சொன்னேன். உன் தாத்தா திரும்பி வந்த அன்று அவர் வேட்டியைக் கிணற்றடியில் துவைத்தவன் நான். பெற்ற மகளைக் குழியில் இறக்கிவிட்டு வந்த மனிதனுடைய வேட்டியில் ஒரு பிடி மண் கறை இல்லை. அதை அன்றைக்கே என் கண் பார்த்தது. அவளுக்கு வந்தது என்ன நோயென்றும் எனக்குத் தெரியும், முழங்கையில் வெளுத்த தேமல், அதில் நெருப்புப் பட்டாலும் தெரியாது. எங்கேப்பா புதைச்சீங்க என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்டால் போக வேண்டியிருக்கும், போனால் பார்க்க வேண்டியிருக்கும். ஆறு மாதத்தில் எனக்கும் உன் அம்மாவுக்கும் கலியாணம் நடந்தது, பெருவியாதி வந்த வீடென்று யாரும் சொல்லவில்லை. இருபத்துநாலு வருஷம் அவளைச் செத்தவர்கள் பட்டியலில் வாசிக்க வைத்துக்கொண்டு பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றிருக்கிறேன். இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேன், சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழுது முடித்தபோது நெஞ்சு உழுத நிலம் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் மணியடித்து முதல் பாதியை நிதானமாகச் சொன்னேன். மறுபாதி வந்தது. பயமாயில்லை. எத்தனையோ வருஷத்துக்கப்புறம் அன்றுதான் நான் செபம் பண்ணினேன்.

செவ்வாய்க்கிழமை சுவாமியார் சொன்னபடி, சவுரி, உனக்கு இன்னா வேணும் சொல்லு என்று சத்தமாகக் கேட்டேன். ஒன்றுமில்லை. முதல் பாதியைச் சொன்னேன். மறுபாதி வரவில்லை. மூன்று தரமும் வரவில்லை. அந்த அமைதி குரலை விடப் பெரிய பயமாயிருந்தது, இருட்டுக் கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி. அன்று முழுதும் அது என்னை விட்டுப் போய்விட்டது, கேட்க வேண்டியதை நேரம் கடந்து கேட்டுவிட்டேன் என்று தவித்தேன்.

புதன்கிழமை உச்சிக்கு முதல் பாதி சொன்னதும் மறுபாதி வந்தது. ஆனால் இந்தத் தரம் பீடத்துப் பக்கமிருந்து வரவில்லை, பின் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது, நடுவில் இருமல் வந்தது. எழுந்து பின் வாசல் வழியாகப் போனேன். நுணாமரத்து நிழலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒரு தடி, ஒரு தகரக் குவளை. முகம் எனக்குத் தெரிந்த முகமில்லை, மூக்குத் தண்டு இல்லை, புருவம் இல்லை. கை இரண்டிலும் விரல்கள் கரைந்து போயிருந்தன. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, கிட்ட வராதண்ணா, நான் சாவலை, கொஞ்சம் தண்ணி குடுத்தீன்னா குடிச்சுட்டுப் போயிடறேன் என்றாள்.

உன் அப்பன் அப்போது என்ன செய்தான் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கையை உயரத் தூக்கி அவள் குவளையில் விழும்படி ஊற்றினேன். பாதி தரையில் சிந்தியது. ஊர்த்தெருவில் நமக்கு ஊற்றுவார்களே, அதே உயரம். என் கை அந்த உயரத்தில் நிற்பதை நானே பார்த்தேன். இருபத்துநாலு வருஷமாக நான் இந்த உயரத்திலிருந்துதான் செபமும் சொல்லியிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். அவளுக்கு அங்கே உணர்ச்சி இல்லையாம், நான் பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். வேணாண்ணா, வேணாண்ணா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

உன் தாத்தா அவளைப் புதுச்சேரிக்குப் புறத்தே கன்னியர்கள் நடத்துகிற ஒரு கொட்டகையில் விட்டுவிட்டு, அண்ணனுக்குக் கலியாணம் ஆகணும், நீ இருக்கிறேன்னு தெரிஞ்சா யாரும் பொண்ணு குடுக்கமாட்டாங்க, உன்னைச் செத்துட்டேன்னு சொல்லிடட்டுமா என்று அவளையே கேட்டாராம். சரிப்பா, சொல்லிடுங்க என்றாளாம். பதினேழு வயதுப் பெண். இப்போது அந்தக் கொட்டகை புயலில் விழுந்துவிட்டதால் எல்லோரையும் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆசுபத்திரிக்கு அனுப்புகிறார்கள், பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், அதனால் கூட்டமாக நடந்து வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் திண்டிவனத்தில் சாலையோரம் தங்கியிருக்க, இவள் கோயில் மணியை ஒரு தரம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தனியாக வந்து செவ்வாய்க்கிழமை பொழுது சாயத்தான் சேர்ந்தாளாம். செவ்வாய்க்கிழமைதான் வந்தாயா, அதற்கு முன்னே வரவில்லையா என்று இரண்டு தரம் கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். அப்படியென்றால் போன வியாழக்கிழமையிலிருந்து எனக்குப் பதில் சொன்னது யார் என்றேன். அவள் சொன்னாள், எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணா, ஆனா அங்க தினம் உச்சிக்கு நீ இங்க மணி அடிச்சுட்டு முதல் பாதி சொல்லுவேன்னு நெனச்சுக்கினு நான் மறுபாதியை மட்டும் சொல்லுவேன், ஒரு நாளும் வுட்டதில்லை, நேத்து ஒரு நாள்தான், வழியில மயக்கமா விழுந்துட்டேன், உச்சி போனதே தெரியலை.

வருஷக்கணக்காகப் பதில் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. வருஷா வருஷம் அவள் ஆத்துமத்துக்குப் பூசை வைத்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள், அந்த முகத்தில் சிரிப்பு வந்ததும் என் தங்கச்சி தெரிந்தாள். நான்தான் உசிரோட இருந்தேனே, அந்தப் பூசையெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்துச்சி என்றாள். அப்புறம் அவளே, யாரோ கேக்க நாதியில்லாத ஆத்துமத்துக்குப் போயிருக்கும், போவட்டும் என்றாள்.

உன் அம்மா அவளைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நல்ல மனசுக்காரி, உடனே சோறு போட்டாள், ஆனால் பொழுது சாயும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, ஏங்க, விழுப்புரத்துல கோயில்ல முதல் கலியாண ஓலை வாசிச்சாச்சி, இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை வாசிச்சா போதும், அதுவரைக்கும் அவங்க செங்கல்பட்டுல இருக்கட்டும், கலியாணம் முடிஞ்சதும் நாமே போய் இட்டுக்கினு வரலாங்க என்றாள். நியாயமான பேச்சு. எனக்கும் சரியென்றுதான் பட்டது, ஒரு நாழிகை அப்படியே இருந்துவிடலாம் என்றும் இருந்தது. ஆனால் நம் கலியாணம் அவளை உயிரோடு செத்தவளாக்கி நடந்த கலியாணம், பெண்ணின் கலியாணத்துக்கு மறுபடியும் அதையே செய்துவிட்டு நாளைக்கு எந்த வாயால் மணியடித்துவிட்டு முதல் பாதி சொல்வேன் என்றேன். உன் அம்மா அதற்கப்புறம் பேசவில்லை. இன்றைக்கும் அவ்வளவாகப் பேசுவதில்லை, ஆனால் உன் அத்தையின் புண்ணுக்குத் துணி வெந்நீரில் அலசிக் கட்டுவது அவள்தான்.

வெளியில் யார் வாயிலாகவும் போவதற்கு முன்னே நானே சொல்லிவிட வேண்டும் என்று சனிக்கிழமை ரயிலேறி விழுப்புரம் போனேன். சம்பந்தி சூசைநாதன் அங்கே ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், வேலையில் இருந்தார். தண்டவாளத்தோரம் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்றபடியே சொன்னேன். எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார், துடைத்து முடிந்தும் துடைத்துக்கொண்டிருந்தார். நீங்க சொல்லாம வுட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே, இன்னாத்துக்குங்க வந்து சொன்னீங்க என்றார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகக் கேட்டார். மறைத்துக் கொடுத்தால் என் பெண் உங்கள் வீட்டில் ஆயுசுக்கும் பயந்துகொண்டிருப்பாள் என்றேன். டீ வாங்கிக் கொடுத்து வண்டி ஏற்றிவிட்டார். மறுநாள் அங்கே இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. அந்த வாரமே பரிசப் புடவையை நாங்களும் திருப்பி அனுப்பிவிட்டோம்.

அதே ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் நம் கோயிலுக்கு வந்து, உன் அத்தைக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, பக்கவாட்டு வாசலுக்கு உட்புறமாகப் பாய் போட்டு உட்காரச் சொன்னார். அவள் உள்ளே வந்ததும் நம் சனம் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்விட்டார்கள். மற்றவர்கள் வெளியே நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று தெரிந்த சனம். அன்று உள்ளே சுவாமியார், நான், உன் அம்மா, உன் அத்தை. திவ்விய நற்கருணை வாங்க அவள் நாக்கை நீட்டியபோது சுவாமியார் கை பாதியில் நின்றதையும் பார்த்தேன், ஆனாலும் கொடுத்தார். இப்போது நாலு குடும்பம் உள்ளே வருகிறார்கள், மற்றவர்கள் வாசலில் நிற்கிறார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை, எனக்கே எவ்வளவு காலம் பிடித்தது.

லூர்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் கொல்லைக்குப் புறப்படுகையில் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து, நீ செஞ்சது சரிதாம்பா, ஆனா என் கலியாணத்தை நிறுத்தறதுக்கு முன்ன என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றாள். சரிதான் மகனே. என் அப்பாவாவது அத்தையைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார். நான் என் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுட்ட, சரி என்று போய்விட்டாள். அவளுக்கு மனசு ஆறியதா என்று எனக்குத் தெரியாது, நீ அவளுக்குத் தனியாக இரண்டு வரி எழுது.

உன் அத்தை வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறாள், கோயிலுக்குப் பின்னால் நுணாமரத்தடியில் கீற்றுக் குடிசை போட்டிருக்கிறேன். செங்கல்பட்டுக்குப் போக இப்போது அவளுக்குத் தெம்பில்லை. திண்டிவனம் டாக்டர் பார்த்துவிட்டு நோய் எரிந்து அணைந்த அடுப்பு மாதிரிதான் இருக்கிறது, ஒட்டும் என்று ரொம்பப் பயப்பட வேண்டியதில்லை, உடம்புதான் தேய்ந்துவிட்டது என்றார். நீ தோட்டத்து ஆசுபத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸராக இருக்கிறவன், நீரடிமுத்து எண்ணெய் ஊசி போட்டால் இந்த நிலையில் பிரயோசனம் உண்டா, பாத்திரம் பண்டம் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று விவரமாக எழுது. உங்கள் தோட்டத்திலும் யாரையாவது ஒதுக்கி வைத்திருந்தால் நீ போய்ப் பார், எட்ட நின்று மருந்தைத் தூக்கிப் போடாதே. காலை மாலை செபத்தை விடாதே, ஆனால் வாயால் மட்டும் சொல்வதானால் அந்த நேரத்துக்குப் பேசாமல் உட்கார்ந்திரு, அதுவே மேல்.

இப்போதெல்லாம் உச்சிக்கு அவள் குடிசையிலிருந்து மறுபாதி சொல்கிறாள், அதே இடத்தில் மூச்சு வாங்குகிறாள். கோயிலுக்குள் கேட்ட குரல் அந்தத் திங்கட்கிழமையோடு நின்றுவிட்டது. ஆனால் நான் காது கொடுத்துக் கேட்கப் பழகிவிட்டேன் போலிருக்கிறது. சில நாள் அவள் சொல்லி முடித்த பிறகு, வேறு ஒன்றிரண்டு குரல், ஆண் குரல் கூட, எனக்குப் பேர் தெரியாதவர்கள், எங்கோ தூரத்திலிருந்து மறுபாதியை முடிப்பது கேட்கிறது. சுவாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர்கள் இருக்கிற இடம் தெரியாது, உன் அத்தை இருந்ததைப் போல எங்கோ இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. அதனால் முதல் பாதியை அவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கச் சொல்கிறேன்.

மழைக் காலத்தில் தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்காதே, அட்டைக் கடியைச் சொறியாதே. திருநாளுக்குப் பூசை கிடைக்கிற இடம் எத்தனை மைல் ஆனாலும் போய் வா. சேசு பாலகனும் தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் உன்னை எந்தப் பொல்லாப்பும் அணுகாமல் காப்பார்களாக, அம்மாவும் தங்கச்சியும் உனக்குத் தோத்திரம் சொல்கிறார்கள். இந்தக் காகிதத்தின் அடியில் கோணல்மாணலாக ஒரு சிலுவை இருக்கும், அது உன் அத்தை உனக்குப் போட்ட ஆசீர்வாதம், எழுதுகிற இறகைத் துணியால் அவள் கையில் கட்டிவிட்டேன், அவளே மையில் தோய்த்துப் போட்டாள். நான் தொட்ட காயிதம், புள்ளைக்கு பயமா இருந்தா அந்த இடத்தை மட்டும் கிழிச்சுப் போட்டுடச் சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். நீ கிழித்தால் அவள் ஒன்றும் நினைக்கமாட்டாள். நான் நினைப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ச. ராயப்பன், உபதேசியார்